நின்றுபோன மணிக்கூடு: பழைய கணினியில் மென்பொருள் ஏன் ஏறுவதில்லை?

கிண்ணியாவில் கொமினிகேசன் கடை வைத்திருக்கும் நானா ஒருவர் போன மாரியில் தன் கணினியை அரிசிச் சாக்கில் சுற்றி, ஓட்டோவில் ஏற்றி, பாலம் கடந்து, திருகோணமலையில் கணினி திருத்தும் என்னிடம் கொண்டுவந்தார். புதிதாக வாங்கிய பிரின்டரின் மென்பொருள் ஏறவில்லை. ஏற்கெனவே இரண்டு பேரிடம் காட்டியிருக்கிறார். இரண்டு பேரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்களாம்.

“கொம்பியூட்டர் பழசாம் தம்பி. புதுசு எடுக்கட்டாம். புதுசு எடுக்கக் காசிருந்தா நான் ஏன் இதச் சாக்குல கட்டிக்கொண்டு வாறன்?”

அவர் கேட்டது நியாயம். 2022ஆம் ஆண்டு சில வாரங்களுக்குள் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவைத் தொட்ட பிறகு, சின்னக் கடைக்காரருக்குப் புதுக் கணினி என்பது எளிதான பேச்சில்லை. ஆனால் அவரிடம் சொல்லப்பட்ட பதிலில் உள்ள கோளாறு காசு சம்பந்தப்பட்டது அல்ல. ‘பழசு’ என்பது நோயின் பெயரே இல்லை. வயது போனவருக்குக் காய்ச்சல் வந்தால் ‘வயசு போயிட்டுது’ என்று சொல்லி மருந்து எழுதாமல் அனுப்புகிற வைத்தியரைப் போன்றது அது.

வேகம் குறைந்த கணினியில் மென்பொருள் மெதுவாக ஏறும். ஏறிய பிறகு தவண்டு தவண்டு ஓடும். ஆனால் ஏறமாட்டேன் என்று மறுப்பது குறைவு. மறுப்பு வருகிறது என்றால் ஏதோ ஒன்று இல்லை, அல்லது ஏதோ ஒன்று பொருந்தவில்லை. பெரும்பாலும் அந்த ஏதோ ஒன்று பலவீனம் அல்ல; காலம். அந்தக் கணினி ஏதோ ஒரு வருடத்தில் நின்றுபோயிருக்கிறது. மென்பொருளோ இன்றைய திகதியில் நின்று கதவைத் தட்டுகிறது.

நானாவின் கணினியில் இது உவமையே இல்லை. பிளக்கைப் போட்டு ஓன் பண்ணியதும் திரையின் கீழ் மூலையில் 2009 ஜனவரி 1 என்று காட்டியது. “அது ஒவ்வொரு நாளும் அப்பிடித்தான், காலைல நான் மாத்திப் போடுவன்” என்றார், கடைக் கதவு இறுகியிருப்பதைச் சொல்வது போல.

கணினிக்குள் எல்லா உறுப்புகளும் பொருத்தப்படும் பலகையான மதர்போட்டில் ஒரு ரூபா நாணயம் போல வட்டமான பற்றரி ஒன்று இருக்கும். சிஆர்2032 என்று அதன் முதுகில் எழுதியிருக்கும். 20 மில்லிமீற்றர் அகலம், 3.2 மில்லிமீற்றர் தடிப்பு. அளவையே பெயராக வைத்திருக்கிறார்கள். 3 வோல்ட். கணினி அணைந்திருக்கும்போது மணிக்கூட்டை ஓடவைப்பது அதன் வேலை. ஆனால் சுவரில் பிளக் போட்டபடி இருந்தால், கணினி அணைந்திருந்தாலும் பவர் சப்ளையிலிருந்து கசியும் சிறிய மின்சாரமே மணிக்கூட்டைப் பார்த்துக்கொள்ளும். பற்றரிக்கு வேலை குறைவு. இங்கே யார் அப்படி விடுகிறார்கள்? ஐப்பசி, கார்த்திகை இடிமின்னலுக்குப் பயந்து கடை பூட்டும்போது மெயின் சுவிட்சையே இறக்கிவிட்டுப் போகிற ஊர் இது. இரவு முழுக்கப் பற்றரிதான் காவல். ஆகவே இங்கே அந்தப் பற்றரி சீக்கிரம் சாகிறது. செத்த பிறகு ஒவ்வொரு காலையும் கணினி தன் பிறந்த வருடத்துக்கே திரும்பிப் போகிறது.

திகதி பிழைத்தால் மென்பொருள் ஏன் ஏறக்கூடாது? இன்றைய இணையத்தில் ஒரு தளம் தன்னை யார் என்று நிரூபிப்பது சான்றிதழ் ஒன்றைக் காட்டித்தான். அந்தச் சான்றிதழில் ‘இந்த நாள் முதல் இந்த நாள் வரை செல்லும்’ என்று எழுதியிருக்கும். போன மாதம் வழங்கப்பட்ட சான்றிதழை 2009இல் இருக்கிற கணினியிடம் நீட்டினால், அது இன்னும் பிறக்காத ஒருவருடைய அடையாள அட்டையைப் பார்த்தது போல முழிக்கும். மென்பொருளை ஏற்றிவைக்கும் இன்ஸ்டோலர் கோப்புகளில் இருக்கும் டிஜிட்டல் கையொப்பத்துக்கும் இதே கதைதான். திரையில் வரும் செய்தியோ சான்றிதழ், பாதுகாப்பு, நம்பகமற்ற இணைப்பு என்று எதையெதையோ சொல்லும். ‘உன் மணிக்கூட்டைப் பார்’ என்று சொல்கிற செய்தி அபூர்வம்.

ஆகவே எந்தப் பழைய கணினி வந்தாலும் நான் முதலில் பார்ப்பது பிழைச் செய்தியை அல்ல, திகதியை.

பற்றரியை மாற்றி, திகதியைச் சரியாக்கி, பிரின்டர் கம்பெனியின் தளத்திலிருந்து இறக்கியிருந்த கோப்பை ஓடவிட்டோம். ‘இணைய இணைப்பைச் சரிபார்க்கவும்’ என்றது. நானா சிரித்தார். பக்கத்து ஜன்னலில் ஃபயர்ஃபொக்ஸில் கிரிக்கெட் ஸ்கோர் ஓடிக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் கைவிடுகிறார்கள். இணையம் இருக்கிறது, இல்லை என்கிறது, ஆகவே கணினிக்குப் பைத்தியம் என்ற முடிவு. உண்மையில் அந்தக் கோப்பு வெறும் 3 மெகாபைட். பிரின்டர் மென்பொருள் அவ்வளவு சின்னதாக இருக்கவே முடியாது. அது மென்பொருள் அல்ல, மென்பொருளைப் போய் எடுத்துவருகிற தூதன். தூதன் வெளியே போகும்போது வின்டோஸின் சொந்தக் கதவு வழியாகத்தான் போவான். நானாவின் கணினியில் இருந்த வின்டோஸ் 7இன் அந்தக் கதவு தொடக்கத்தில் டிஎல்எஸ் 1.0 என்ற பழைய பேச்சுமுறையைத்தான் பேசும். 2020ஐ ஒட்டி முக்கிய பிரவுசர்கள் டிஎல்எஸ் 1.0, 1.1 இரண்டையும் கைவிட்டன. தளங்களை வைத்திருக்கும் சேவர்களும் ஒவ்வொன்றாக அவற்றை மூடிவிட்டன. இன்று அவை எதிர்பார்ப்பது குறைந்தது 1.2. ஃபயர்ஃபொக்ஸ் மட்டும் ஏன் வேலை செய்கிறது? அது தனக்கென்று சொந்தக் கதவும், நம்பத்தக்க சான்றிதழ்களின் சொந்தப் பட்டியலும் வைத்திருக்கிறது, வின்டோஸிடம் கேட்பதில்லை. ஒரே கணினிக்குள் ஒருவர் இன்றைய பாசை பேசுகிறார், மற்றவர் பதினைந்து வருடத்துக்கு முந்திய பாசை பேசுகிறார்.

இதற்கு இரண்டு வழி. கேபி3140245 என்ற அப்டேட்டைப் போட்டு, வின்டோஸ் தன் அமைப்புகளை எழுதிவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் டிஎல்எஸ் 1.2ஐத் திறந்துவிடலாம். அதைவிட லேசானது, தூதனை விட்டுவிட்டு முழு இன்ஸ்டோலரையே பிரவுசரால் இறக்குவது. கம்பெனித் தளங்களில் ‘ஓஃப்லைன் இன்ஸ்டோலர்’ என்றோ ‘முழுப் பொதி’ என்றோ ஒரு மூலையில் கிடக்கும். நானாவின் பிரின்டருக்கு அது 300 மெகாபைட்டுக்கு மேல்.

இந்தக் கணினிகள் காலத்தில் பின்தங்கிப் போவதற்குப் பின்னால் ஒரு பொருளாதாரம் இருக்கிறது. வின்டோஸ் இங்கே கடைகளில் ஏற்றப்படும்போது, ஏற்றிக் கொடுக்கிற தம்பி கடைசியாக ஒரு காரியம் செய்வார்: ஓட்டோ அப்டேட்டை நிறுத்திவிடுவார். டேட்டா தின்னும், கணினி இழுக்கும், வாடிக்கையாளர் திட்டுவார். அவரில் பிழை சொல்ல மாட்டேன், நானும் ஒரு காலத்தில் அதையே செய்தவன். ஆனால் அப்டேட் நின்ற கணினி பல வேளை புதிய வேர்ச் சான்றிதழ்களும் (மற்றச் சான்றிதழ்களுக்கு உத்தரவாதம் நிற்கும் தலைச் சான்றிதழ்கள்) இல்லாமல் நின்றுவிடும். 2021 செப்டெம்பர் 30ஆம் திகதி டிஎஸ்டி ரூட் சிஏ எக்ஸ்3 என்ற வேர்ச் சான்றிதழ் காலாவதியானது. உலகத்தின் கோடிக்கணக்கான தளங்களுக்கு இலவசச் சான்றிதழ் கொடுக்கும் லெட்ஸ் என்கிரிப்ட் அதுவரை பழைய கருவிகளுக்காக அதில்தான் சாய்ந்து நின்றது. புதிய வேரைப் பெறாத கணினிகளுக்கு அன்றோடு பல தளங்கள் அந்நியமாகிவிட்டன. எந்தக் கம்பியும் அறவில்லை, எந்தக் கோப்பும் அழியவில்லை. நேற்று ஏறியது இன்று ஏறவில்லை, அவ்வளவுதான்.

பெரிய கோப்பு இறக்குவதில் இன்னொரு சிக்கல். நள்ளிரவுக்குப் பிறகு கிடைக்கும் டேட்டாவில் போட்டுவிட்டுப் படுப்போம். விடியற்காலை பார்த்தால் கோப்பு இருக்கும், ஆனால் இடையில் இணைப்பு அறுந்து குறையாக இருக்கும். அதை ஓடவிட்டால் ‘இது செல்லுபடியாகும் வின்32 அப்ளிகேசன் அல்ல’ என்று வரலாம், அல்லது கோப்பின் முழுமை சரிபார்ப்பில் தோற்றது என்று வரலாம். தளத்தில் ஹாஷ் எண் (கோப்பின் கைரேகை மாதிரி) கொடுத்திருந்தால், வின்டோஸிலேயே உள்ள செர்ட்யூட்டில் கட்டளையால் நம் கோப்பின் எண்ணை எடுத்து ஒப்பிடலாம். கொடுக்கவில்லையென்றால் தளத்தில் போட்டிருக்கும் அளவோடு நம் கோப்பின் அளவையாவது பாருங்கள். பென் டிரைவையும் சந்தேகப்படுங்கள்: 64 ஜிகாபைட் என்று காட்டிவிட்டு உள்ளே அதில் கொஞ்சம்தான் உண்மையாக வைத்திருக்கும் போலிகள் சந்தையில் தாராளம். அவை எழுதும்போது முறையிடாது, வாசிக்கும்போதுதான் குட்டு வெளிப்படும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சின்ன இலவச மென்பொருள் அதைப் பிடித்துத் தரும். ஃபெட்32 முறையில் ஃபோர்மட் செய்த பென் டிரைவில் 4 ஜிகாபைட்டுக்குப் பெரிய ஒற்றைக் கோப்பு ஏறவே ஏறாது; அதைப் பென் டிரைவ் நிரம்பிவிட்டது என்று நினைத்துப் புதிதாக வாங்கியவர்களையும் எனக்குத் தெரியும்.

மேலே சொன்ன ‘வின்32 அல்ல’ என்ற செய்திக்கு இன்னொரு, அதைவிடப் பொதுவான காரணம் உண்டு. 64 பிட் மென்பொருளை 32 பிட் வின்டோஸில் ஏற்றப் பார்ப்பது. (பிட் எண்ணிக்கை என்பது ப்ரொசஸர் ஒரே தடவையில் கையாளும் எண்ணின் அகலம்.) நானாவின் கணினி கோர் 2 டுவோ. அந்தப் ப்ரொசஸருக்கு 64 பிட் தெரியும். ஆனால் அதில் போட்டிருந்த வின்டோஸ் 7 32 பிட். அந்தக் காலத்தில் ராம் (கணினியின் தற்காலிக நினைவகம்) 2 ஜிகாபைட்தானே என்று 32 பிட்டையே போட்டார்கள், அது அப்போது சரியான முடிவும்கூட. 32 பிட்டால் எண்ணக்கூடிய முகவரிகள் மொத்தமே 4 ஜிகாபைட்டுக்குத்தான், 2 ஜிகாபைட் உள்ளவருக்கு அது போதும். இன்று பல மென்பொருள்கள் 32 பிட் பதிப்பை வெளியிடுவதையே நிறுத்திவிட்டன. வின்டோஸ் 11இல் 32 பிட் என்று ஒன்றே கிடையாது. ஆகவே ‘என் கணினி 32 பிட்’ என்று ஒருவர் சொன்னால் நான் திருப்பிக் கேட்பது: கணினியா, வின்டோஸா? வின்டோஸ் மட்டும்தான் என்றால் 64 பிட்டைப் புதிதாகப் போடலாம். மேலால் ஏற்ற முடியாது, கோப்புகளை வெளியே எடுத்துவிட்டுச் சுத்தமாகப் போட வேண்டும்.

எதிர்த் திசையிலும் இது நடக்கும். தொண்ணூறுகளில் எழுதிய கணக்கு மென்பொருள் ஒன்றை இன்னமும் சீடியில் பாதுகாத்து வைத்திருக்கும் வியாபாரிகள் நம் ஊரில் இருக்கிறார்கள். அதன் இன்ஸ்டோலர் 16 பிட். 64 பிட் வின்டோஸ் 16 பிட்டைத் தொடாது. அங்கே பழைய கணினிதான் கெட்டிக்காரன்.

நானாவின் பிரின்டர் மென்பொருளில் நல்லவேளையாக 32 பிட் இருந்தது. பெட்டியின் மேலேயே வின்டோஸ் 7 என்றும் போட்டிருந்தது. ஓடவிட்டோம். பாதி வழியில் ‘விசிரன்டைம்140.டிஎல்எல் காணவில்லை’.

டிஎல்எல் என்பது பல மென்பொருள்கள் பகிர்ந்து பாவிக்கும் கோப்பு. பத்து வீட்டுக்கு ஒரு கிணறு மாதிரி. ஒவ்வொரு மென்பொருளும் தனக்கென்று கிணறு வெட்டுவதில்லை. மைக்ரோசொஃப்டின் விசுவல் சி பிளஸ் பிளஸ் பொதி அங்கே இருக்கும் என்று நம்பி வருகிறது. இல்லாவிட்டால் இந்தச் செய்தி. இதைக் கண்டதும் பலரும் செய்வது, அந்தக் கோப்பின் பெயரை அப்படியே கூகிளில் அடித்து, முதலில் வரும் தளத்திலிருந்து ஒற்றைக் கோப்பை இறக்கி, சிஸ்டம்32 ஃபோல்டருக்குள் போடுவது. செய்யாதீர்கள். யார் கொடுத்தது என்று தெரியாத கோப்பு அது. பதிப்பும் பொருந்தாது, அடுத்த கோப்பு காணவில்லை என்று அடுத்த செய்தி வரும். மைக்ரோசொஃப்ட் தளத்தில் முழுப் பொதியும் இலவசம். ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது: 32 பிட் மென்பொருளுக்கு, வின்டோஸ் 64 பிட்டாக இருந்தாலும், எக்ஸ்86 என்று போட்டிருக்கும் பொதிதான் தேவை. 64 பிட் வின்டோஸில் எக்ஸ்86, எக்ஸ்64 இரண்டையும் போட்டுவிடுவது என் வழக்கம். (சிஸ்டம்32 என்ற ஃபோல்டரில் 64 பிட் கோப்புகளையும், பெயரில் 64 உள்ள சிஸ்வாவ்64இல் 32 பிட் கோப்புகளையும் வைத்த மகானைச் சந்தித்தால் இரண்டு வார்த்தை கேட்க இருக்கிறது.)

போட்டோம். அந்தப் பொதியே ஏறவில்லை. 0எக்ஸ்80240017 என்று ஓர் எண்ணைக் காட்டிவிட்டு நின்றது. நானா இந்த இடத்தில் தேத்தண்ணி வாங்கிவரப் போனார்.

இந்த எண் வின்டோஸ் 7இல் வந்தால் நான் முதலில் தேடுவது சேர்விஸ் பெக் 1 (அதுவரை வந்த திருத்தங்களை ஒன்றாகக் கட்டிய பொதி) இருக்கிறதா என்று. 2011 பெப்ரவரியில் வந்தது அது. நானாவின் கணினியில் இல்லை. அந்த விசுவல் சி பொதி தனக்குள் யுனிவர்சல் சி ரன்டைம் என்ற இன்னொன்றைத் தூக்கிக்கொண்டு வருகிறது. தனியாக அதன் பெயர் கேபி2999226. அது சேர்விஸ் பெக் 1 இல்லாத இடத்தில் உட்காராது. ஆகவே பிரின்டருக்கு விசுவல் சி வேண்டும், விசுவல் சிக்கு ரன்டைம் வேண்டும், ரன்டைமுக்குச் சேர்விஸ் பெக் வேண்டும். திரையில் தெரிந்த பிழை சங்கிலியின் நுனி. அறுந்த கண்ணி மூன்று கண்ணிக்கு அப்பால், 2011இல். ‘ஏபிஐ-எம்எஸ்-வின்’ என்று தொடங்கும் நீளமான பெயருள்ள டிஎல்எல் காணவில்லை என்று வருவதும் இதே குடும்பத்துச் செய்திதான்.

அப்போ வின்டோஸ் அப்டேட்டையே ஓடவிட்டால் எல்லாம் தானாக வந்துவிடாதா என்று கேட்கலாம். வராது, அதுவும் ஒரு வேடிக்கை. 2019இல் மைக்ரோசொஃப்ட் தன் அப்டேட்டுகளில் இடும் கையொப்பத்தை ஷா-1 முறையிலிருந்து ஷா-2 முறைக்கு மாற்றியது. அதற்கு முன் நின்றுபோன வின்டோஸ் 7க்கு ஷா-2 கையொப்பத்தை வாசிக்கத் தெரியாது. வாசிக்கக் கற்றுக்கொடுக்கும் அப்டேட் இருக்கிறது. ஆனால் பழைய முறையில் பேசும் அப்டேட் வாசலையே 2020இல் மூடிவிட்டார்கள். படிக்கத் தெரியாதவனுக்கு எழுத்துப் பழக்கும் புத்தகத்தைத் தபாலில் அனுப்பி, தபாற்கந்தோரையும் பூட்டிய மாதிரி. ஆகவே கையால்தான் செய்ய வேண்டும்: மைக்ரோசொஃப்ட் அப்டேட் கட்டலொக் தளத்திலிருந்து கேபி4490628, கேபி4474419 இரண்டையும் இறக்கி, முதலாவதை முதலிலும் இரண்டாவதை அடுத்தும் போட வேண்டும். புதிய டிரைவர்கள் (கருவிகளை இயக்கும் சிறு மென்பொருள்கள்) கையொப்பப் பிழை 52 என்று காட்டிப் படுத்துக்கொள்வதும் பெரும்பாலும் இதே எழுத்தறிவின்மையால்தான். 64 பிட் வின்டோஸ் கண்டிப்பாக மறுக்கும். 32 பிட் ஒரு சிவப்பு எச்சரிக்கையோடு விட்டுவிடும்.

சேர்விஸ் பெக் ஏறி முடிய மாலையாகிவிட்டது. பிறகு மீதி ஒவ்வொன்றாக. பிரின்டர் மென்பொருளைத் திரும்பவும் ஓடவிட்டோம். இந்த முறை கடைசி வரை போய், தொண்ணூறு வீதத்தில் நின்று, பச்சைக் கோடு பின்னால் திரும்பி ஓடத் தொடங்கியது. பிழை 1603.

1603 என்பது ஒரு பிழை அல்ல. ‘ஏதோ பெரிய பிழை நடந்தது, எல்லாவற்றையும் பழையபடி வைத்துவிட்டேன்’ என்று வின்டோஸ் இன்ஸ்டோலர் கையை விரிப்பது. இதைப் பார்த்து ஊகித்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. இன்ஸ்டோலரை நாட்குறிப்பு எழுதச் சொல்லி ஓடவிடலாம். வின்டோஸ் இன்ஸ்டோலருக்கென்றே கட்டிய எம்எஸ்ஐ கோப்பானால் எம்எஸ்ஐஎக்ஸெக் கட்டளையோடு லொக் கோப்புக்கு ஒரு பெயர் கொடுத்தால் போதும். ஆயிரக்கணக்கான வரி வரும். பயப்படாமல் நோட்பேட்டில் திறந்து ‘ரிட்டர்ன் வேல்யூ 3’ என்ற சொற்களைத் தேடுங்கள். அது வரும் இடத்துக்கு ஐந்தாறு வரி மேலே உண்மையான காரணம் ஒளிந்திருக்கும். இந்த ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொண்டால் பாதித் தொழில் கைக்குள் வந்துவிடும் என்பேன்.

நானாவின் லொக்கில் ஒரு ஃபோல்டருக்குள் எழுத அனுமதி இல்லை என்று இருந்தது. நான் அட்மின்தானே என்று பலர் வாதிடுவார்கள். ஆனால் இன்ஸ்டோலர் நம் பெயரில் வேலை செய்வதில்லை. சிஸ்டம் என்ற கணக்கின் பெயரில் செய்கிறது. யாரோ முன்பு வைரஸுக்குப் பயந்து அந்த ஃபோல்டரின் அனுமதிகளை எடுத்துவிட்டபோது சிஸ்டமின் அனுமதியும் போய்விட்டது. வீட்டுக்காரருக்குத் திறப்பு இருக்கிறது, வேலைக்கு வந்த மேசனுக்கு இல்லை. திருப்பிக் கொடுத்தோம்.

இதே வரிசையில் இன்னும் இரண்டு எண்கள். 1618 என்றால் வேறொரு இன்ஸ்டோல் பின்னணியில் ஓடுகிறது அல்லது ஓடுவதாக நினைத்துத் தொங்கிக்கொண்டிருக்கிறது. ரீஸ்டார்ட் பண்ணினால் தீரும். 3010 என்றால் பிழையே இல்லை, வெற்றி. ரீஸ்டார்ட் மட்டும் பாக்கி. 3010ஐப் பார்த்துப் பயந்து நாலு தடவை திரும்பத் திரும்ப ஏற்றிய ஒருவர், கடைசியில் உண்மையாகவே ஒரு பிழையை உண்டாக்கிக்கொண்டு வந்தார்.

ஊரில் கைமாறும் ‘லைட்’ வின்டோஸ் டிவிடிகளைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய கணினியில் வேகமாக ஓட வேண்டும் என்று யாரோ வின்டோஸின் உறுப்புகளை வெட்டி எறிந்து செய்தவை. வெட்டியவருக்குத் தேவையில்லாத உறுப்பு நமக்குத் தேவைப்படும். வின்டோஸ் 8, 10இல் டொட் நெட் 3.5 (பல மென்பொருள்கள் நம்பியிருக்கும் இன்னொரு மைக்ரோசொஃப்ட் பொதி) கேட்டால் 0எக்ஸ்800எஃப்081எஃப் என்று வரும்: மூலக் கோப்பு கிடைக்கவில்லை. முழு டிவிடி கையில் இருந்தால் அதன் சோர்சஸ் ஃபோல்டருக்குள் எஸ்எக்ஸ்எஸ் என்பதைக் காட்டிச் சமாளிக்கலாம். வெட்டிய டிவிடியில் அதுவும் இருக்காது. அந்த வின்டோஸில் உட்கார்ந்து பழுது பார்ப்பது நேர விரயம்.

இதுவரை சொன்னதெல்லாம் மென்பொருளின் பக்கம். உப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். உப்புவெளியில் கடலைப் பார்த்த வீடு ஒன்றில் ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர் இருக்கிறார். அவருடைய கணினியில் எந்த மென்பொருளும் ஒரே இடத்தில் தோற்காது. ஒருமுறை 30 வீதத்தில், ஒருமுறை 70இல், ஒருமுறை நீலத் திரை. “மகன், இது நினைச்ச நேரம் நினைச்ச மாதிரிச் செய்யுது” என்றார். அவர் சொன்னதே நோய்க்குறி. மென்பொருள் கோளாறு பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் இடறும். இடம் மாறிக்கொண்டே இருந்தால் ராமையோ ஹார்ட் டிஸ்க்கையோ பார்க்க வேண்டும். ராமைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தபோது மஞ்சள் பற்களின் ஓரத்தில் மங்கிய படலம் ஒன்று. கடற்காற்றும் ஈரமும் வருடக்கணக்கில் செய்த வேலை. பேரப்பிள்ளையின் அழிறப்பரை வாங்கி, பற்களின் மேல் மெதுவாகத் தேய்த்து, தூளைத் துடைத்து, திரும்பச் செருகினேன். ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86ஐ ஓர் இரவு ஓடவிட்டதில் ஒரு பிழையும் வரவில்லை. அதன் பிறகு அத்தனையும் ஏறியது. அதற்குப் பிறகும் வந்திருந்தால் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவைப் போட்டு ஹார்ட் டிஸ்க்கைப் பார்த்திருப்பேன். மஞ்சளில் எச்சரிக்கை காட்டினால் மென்பொருளை மறந்துவிட்டுப் படங்களையும் ஆவணங்களையும் முதலில் வெளியே எடுக்க வேண்டும். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் வெட்டிய காலத்தில் யூபிஎஸ் இல்லாமல் பட்டென்று அணைந்த டிஸ்க்குகளும், பாதியில் அறுந்த அப்டேட்டுகளும் இன்னமும் என்னிடம் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

நானாவின் கடையில் தமிழ் ரைப்பிங்தான் பாதி வருமானம். எழுதுவது பாமினியில். எல்லா மொழிகளுக்கும் பொதுவான எழுத்து முறையான யுனிகோட்டுக்கு மாறச் சொல்லிப் பலர் அவருக்குப் புத்தி சொல்லியிருக்கிறார்கள், நானும்தான். ஆனால் பாமினி ஏன் இவ்வளவு காலம் நின்றது என்பதை ஒரு மென்பொருள் ஏற்றுபவனாக எனக்கு விளங்கும். பாமினி வெறும் எழுத்துரு. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்தது. கோப்பை ஃபொன்ட் ஃபோல்டருக்குள் இழுத்துப் போட்டால் முடிந்தது. பிழைச் செய்தி வர அங்கே இடமே இல்லை. யுனிகோட் தமிழுக்கோ வின்டோஸே எழுத்துகளைக் கோத்துத் தர வேண்டும், ‘கொ’வின் கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் கொண்டுபோய் வைக்க வேண்டும். வின்டோஸ் எக்ஸ்பியில் அதற்கான வசதி தானாக இருக்கவில்லை. சிக்கல் எழுத்து மொழிகளுக்கான பெட்டியில் சரி போட்டு, வின்டோஸ் சீடியைச் செருக வேண்டும். அந்தச் சீடி யாரிடம் இருந்தது? அந்த ஒரு சீடி இல்லாததால் பாமினியிலேயே பழகிய கைகள் இந்த மாவட்டத்தில் நிறைய. வின்டோஸ் விஸ்டா தொடக்கம் அந்தத் தடை இல்லை, ஆனால் கை பழகிவிட்டது.

பொறுமை எங்கே முடிய வேண்டும் என்பதையும் சொல்லியாக வேண்டும். சில செய்திகள் உண்மையிலேயே சுவர். ‘கேர்னல்32.டிஎல்எல்லில் கெட்சிஸ்டம்டைம்பிரிசைஸ்ஆஸ்ஃபைல்டைம் என்ற நுழைவிடத்தைக் காணவில்லை’ என்று வின்டோஸ் 7இல் வந்தால் தேடுவதை நிறுத்துங்கள். அது துல்லியமான நேரம் கேட்கும் ஒரு கட்டளை; வின்டோஸ் 8இல்தான் பிறந்தது. திரும்பவும் மணிக்கூடுதான், ஆனால் இந்த முறை பற்றரியால் தீராது. அந்த மென்பொருளின் பழைய பதிப்பைத் தேடலாம், அவ்வளவுதான். குரோமுக்கு வின்டோஸ் 7இல் கடைசி 109. ஃபயர்ஃபொக்ஸுக்கு 115இன் நீண்டகாலப் பதிப்பு. கோர் 2 டுவோவில் வின்டோஸ் 11ஐக் குறுக்கு வழியால் ஏற்றுகிறோம் என்று சொல்பவர்களிடமும் கவனம். 24எச்2 பதிப்பிலிருந்து பொப்கவுன்ட் என்ற ப்ரொசஸர் கட்டளை இல்லாமல் அது எழும்பவே எழும்பாது, கோர் 2 டுவோவில் அந்தக் கட்டளை கிடையாது. எந்தப் பதிப்பு டிவிடியாலும் சிலிக்கனுக்குள் இல்லாததைக் கொடுக்க முடியாது. வின்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரி 14இலும், வின்டோஸ் 10க்கானது 2025 ஒக்டோபர் 14இலும் முடிந்தது என்பதால், வங்கிக் கணக்கைத் திறக்கும் கணினியாக இவற்றை வைத்திருக்க நான் சொல்லமாட்டேன். வின்டோஸுக்குப் பதிலாக இலவசமான லினக்ஸ் போட்டால் கோர் 2 டுவோவும் 4 ஜிகாபைட் ராமும் இன்னும் நன்றாக உழைக்கும். 64 பிட்டாக இருந்தால் நல்லது: லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியன்கூட 2025இல் வந்த 13ஆம் பதிப்போடு 32 பிட் இன்ஸ்டோலரை நிறுத்திவிட்டது.

நானாவுக்கு லினக்ஸைப் பற்றிச் சொன்னேன். “பிரின்ட் வருதா இப்ப?” என்று கேட்டார். வந்தது. இரவு எட்டு மணிக்கு, இருபதுக்கு மேற்பட்ட ரீஸ்டார்ட்டுகளுக்குப் பிறகு, சோதனைப் பக்கம் வெளியே வந்தது. வங்கி வேலையை ஃபோனிலேயே செய்யச் சொல்லி, கணினியைச் சாக்கில் சுற்றிக் கொடுத்தேன்.

இரவு மெயின் சுவிட்சை இறக்க வேண்டாம், யூபிஎஸ் போடுங்கள் என்றும் சொல்லிப் பார்த்தேன். இடி விழுந்தா யார் தம்பி பொறுப்பு என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவர் இனியும் இறக்கத்தான் போகிறார் என்று தெரிந்ததால், பெட்டியை மூடுவதற்கு முன் புதுப் பற்றரிக்குப் பக்கத்தில், மதர்போட்டின் வெறும் ஓரத்தில், மார்க்கரால் அன்றைய திகதியை எழுதிவைத்தேன். அடுத்த முறை திறப்பவருக்கு எத்தனை மாரி போயிருக்கிறது என்று தெரியட்டும்.